கை முறிந்தது, ஸ்கேனோ 'ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பு மெலிவு நோய்) இல்லை' என்கிறது. மருந்து எடுக்கணுமா?

பேரேடு:

எனக்கு வயது 64. கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எண்களைப் பார்த்து எனக்குப் பயமில்லை. எண்ணைக் கையில் கொடுத்துவிட்டு அர்த்தம் சொல்லாமல் அனுப்பினால்தான் எரிச்சல் வரும். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் வீட்டுக்குள்ளேயே, சமதரையில், கால்மிதி தடுக்கி விழுந்தேன். கையை ஊன்றினேன், வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்டார்கள், பிரித்தார்கள், விரலை மடக்கிப் பழகுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏன் முறிந்தது என்று ஒருவர்கூட கேட்கவில்லை. விழுந்தேன், முறிந்தது, அவ்வளவுதான்.

தங்கை மகள்தான் "டெக்ஸா ஸ்கேன் எடுங்க பெரியம்மா" என்று பிடித்த பிடியில் நின்றாள். எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஸ்கேன் அது. எடுத்தேன். முதுகுத்தண்டு (எல்1 முதல் எல்4 வரை) டி-ஸ்கோர் -1.4. தொடை எலும்பின் கழுத்துப் பகுதி -2.3. இடுப்பு மொத்தமாக -1.9. கீழே 'ஆஸ்டியோபீனியா' என்று ஒரே வார்த்தை.

பார்த்த டாக்டர், "-2.5 வந்தால்தான் ஆஸ்டியோபோரோசிஸ். உங்களுக்கு இன்னும் வரவில்லை. கால்சியம் மாத்திரை போடுங்க, இரண்டு வருஷம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார். -2.3க்கும் -2.5க்கும் நடுவே இருக்கிற 0.2தான் என்னைக் காப்பாற்றப் போகிறதா? இதை அவரிடமே கேட்டேன். சிரித்தார்.

மற்ற விவரங்கள்: மாதவிடாய் 44 வயதிலேயே நின்றுவிட்டது. என் அம்மாவுக்கு 79 வயதில் இடுப்பெலும்பு முறிந்தது, அதற்குப் பிறகு அவர் தனியாக நடக்கவே இல்லை. என் எடை 49 கிலோ. ஸ்டீராய்டு, புகை, மது எதுவும் கிடையாது. நெஞ்செரிச்சலுக்கு மட்டும் பல வருடமாக ஒரு மாத்திரை போடுகிறேன்.

இரண்டு கேள்வி. ஒரே ஆளுக்கு முதுகில் ஒரு எண், இடுப்பில் வேறொரு எண் எப்படி வரும்? அப்புறம், இந்த எலும்பு மருந்துகளால் தாடை எலும்பு அழுகிப்போகும் என்கிறார்களே, உண்மையா?


மழைக்கு ஒதுங்கியவன்:

அம்மா, மருந்தெல்லாம் வேண்டாம். வயதானால் எலும்பு மெலிவது இயற்கைதானே. கால்சியம், வெயில், நடை, இது மூன்றும் போதும். எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவது வியாபாரம். என் அம்மாவுக்கு 82 வயது, ஒரு மாத்திரை கிடையாது, ஒரு முறிவும் கிடையாது.


நிமிர்ந்து உட்கார்:

பேரேடு, நான் உங்களுக்குச் சில வயது மூத்தவள். எலும்பு முறிவு வார்டில் பிசியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றேன். எனக்கும் ஆஸ்டியோபோரோசிஸ் உண்டு. நான் டாக்டர் இல்லை, மருந்துச்சீட்டு எழுத மாட்டேன். டாக்டரிடம் போய் என்ன கேட்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஸ்கேன் எண்ணை மூடி வையுங்கள். நின்ற நிலையிலிருந்து தரையில் விழுந்து ஓர் எலும்பு முறிகிறது. மாடியிலிருந்து விழவில்லை, வண்டி மோதவில்லை. நல்ல எலும்பு அந்த அடியைப் பெரும்பாலும் தாங்கிவிடும். தாங்கவில்லை என்றால் எலும்பின் பலத்தைப் பற்றி எந்த மெஷினையும்விட நேரடியான சாட்சி கிடைத்தாயிற்று. ஐம்பது, அறுபதுகளில் மணிக்கட்டு முறிந்து வருகிற பெண்கள் எங்கள் வார்டுக்கு நிறைய வந்தார்கள். கட்டைப் பிரித்து அனுப்பிவிடுவோம். அவர்களில் சிலர் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அதே வார்டுக்கு இடுப்பு முறிந்து ஸ்ட்ரெச்சரில் வந்ததையும் பார்த்தேன். இடுப்பு முறிந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார். எஞ்சியவர்களில் பலர் உங்கள் அம்மா மாதிரிதான் ஆகிறார்கள்.

இப்போது அந்த -2.5. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1994இல் வகுத்த கோடு அது. இளவயதுப் பெண்களின் சராசரி எலும்பு அடர்த்தியிலிருந்து நீங்கள் எவ்வளவு கீழே இருக்கிறீர்கள் என்பதுதான் டி-ஸ்கோர். -1 வரை இயல்பு, -1க்கும் -2.5க்கும் நடுவே ஆஸ்டியோபீனியா, -2.5ம் அதற்குக் கீழும் ஆஸ்டியோபோரோசிஸ். தேர்ச்சி மதிப்பெண் மாதிரி எங்கோ ஓரிடத்தில் கோடு போட்டாக வேண்டும், போட்டார்கள். எலும்புக்கு அந்தக் கோடு தெரியாது. டி-ஸ்கோர் ஒன்று குறையக் குறைய முறியும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிக்கொண்டே போகிறது. -2.4இல் ஒரு கதவு, -2.5இல் வேறு கதவு என்றெல்லாம் இல்லை. ஆஸ்டியோபீனியா எல்லைக்குள் இருக்கும் பெண்கள்தான் எண்ணிக்கையில் அதிகம் என்பதால், எலும்பு முறிகிற பெண்களில் பெரும்பாலோர் -2.5ஐத் தொடாதவர்கள்தான். இதனால்தான் 2014இல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று, டி-ஸ்கோர் ஆஸ்டியோபீனியா எல்லையில் இருந்தாலும் முள்ளெலும்போ தோளெலும்போ இடுப்புக்கூடோ, சில சந்தர்ப்பங்களில் மணிக்கட்டோ இப்படி லேசான அடியில் முறிந்திருந்தால் அதை ஆஸ்டியோபோரோசிஸ் என்றே கொள்ளலாம் என்று சொன்னது. உங்கள் டாக்டர் எண்ணை மட்டும் படித்திருக்கிறார், உங்கள் கையைப் படிக்கவில்லை.

இரண்டு இடத்தில் இரண்டு எண் ஏன் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி, பலர் கேட்பதே இல்லை. அந்த மெஷின் முன்னாலிருந்து பின்னால்வரை ஊடுருவிப் பார்த்து, வழியில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தையெல்லாம் கூட்டிச் சொல்கிறது. அறுபதுக்கு மேல் முதுகெலும்பு ஓரங்களில் கூர்கூராக எலும்பு வளர்ந்திருக்கும். முன்னால் போகிற பெரிய ரத்தக் குழாயின் சுவரில் கால்சியம் படிந்திருக்கும். அதுவும் கணக்கில் ஏறிவிடும். இன்னொரு வேடிக்கை, ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருந்தால் அதே சுண்ணாம்பு சின்ன இடத்துக்குள் அடைபட்டு எண் நன்றாகவே தெரியும்! ஆகவே உங்கள் வயதில் முதுகின் -1.4ஐ நம்பி நிம்மதியாக இருக்க வேண்டாம். கணக்கில் கொள்ள வேண்டியது இருப்பதிலேயே குறைந்த எண், அதாவது -2.3.

இங்கேதான் நான் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் உயரம் பழைய உயரமாகவே இருக்கிறதா? பழைய சான்றிதழ் எதிலாவது இருக்கும். செருப்பில்லாமல், குதிகால், முதுகு, தலை மூன்றும் சுவரில் படும்படி நின்று வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். இளவயது உயரத்திலிருந்து 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் பக்கவாட்டில் முதுகெலும்பு எக்ஸ்ரே ஒன்று எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முள்ளெலும்பு நசுங்கல்களில் மூன்றில் இரண்டு பங்கு 'முறிவு' என்று யாருக்கும் தெரியாமலே போகிறது. வாயுப்பிடிப்பு, சுளுக்கு, வயசு என்று பேர் வைத்துக் கடந்துவிடுவோம்.

ஃப்ராக்ஸ் என்று ஒரு கணக்கீடு இருக்கிறது. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் உருவாகி 2008இல் வெளியானது. அடுத்த பத்து வருடத்தில் உங்களுக்கு எலும்பு முறியும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று சொல்லும். வயது, எடை, உயரம், முன்பு முறிவு உண்டா, அப்பா அம்மாவுக்கு இடுப்பு முறிந்ததா, புகை, மது, ஸ்டீராய்டு, முடக்குவாதம், தொடைக் கழுத்தின் அடர்த்தி, இவைதான் அது முக்கியமாகக் கேட்பவை. உங்கள் அம்மாவின் இடுப்பு முறிவு அதில் தனிக் கேள்வி. டாக்டர் அதைக் கேட்டாரா? மாதவிடாய் 44இல் நின்றதும் முக்கியம். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் பழைய எலும்பைக் கரைக்கும் செல்களுக்குக் கடிவாளம் போய்விடும், கட்டும் செல்களால் ஈடுகொடுக்க முடியாது. நின்ற பிறகு வருகிற முதல் ஐந்து முதல் ஏழு வருடத்தில்தான் இழப்பு வேகமாக இருக்கும். உங்களுக்கு அந்த வருடங்கள் சீக்கிரமே தொடங்கிவிட்டன.

ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்: கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பட்டேஸ், கிரியேட்டினின், வைட்டமின் டி, தைராய்டு, பாராதைராய்டு ஹார்மோன். எலும்பு மெலிவுக்குப் பின்னால் வேறொரு நோய் ஒளிந்திருந்தால் அதை விட்டுவிட்டு எலும்புக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை.

நெஞ்செரிச்சல் மாத்திரையை வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கு முறிவு சற்று அதிகம் என்று பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அதனாலேயே முறிகிறது என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. நீங்களாக நிறுத்தாதீர்கள், இன்னும் தேவையா என்று கேளுங்கள். ஆனால் உடனே பயன்படும் ஒரு விஷயம் உண்டு. கால்சியம் கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அதனால் அதைச் சாப்பாட்டோடு போட வேண்டும். அமிலத்தையே அடக்கி வைத்திருக்கிற உங்களுக்கு கால்சியம் சிட்ரேட் பொருத்தமாக இருக்கலாம். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். இன்னொன்று, ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் போட்டால் உடம்பு சரியாக உறிஞ்சாது. 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம் என்கிறார்களே, அது சாப்பாட்டையும் சேர்த்துத்தான். ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 300 வந்துவிடுகிறது. குறைகிற அளவுக்கு மட்டும் மாத்திரை போதும்.

மழைக்கு ஒதுங்கியவன் தம்பி, உங்கள் அம்மா நூறு வருஷம் நல்லா இருக்கட்டும். முறியாதவருக்குச் சொல்கிற அறிவுரையை முறிந்தவருக்கும் சொல்ல முடியாது. கால்சியமும் வைட்டமின் டியும் அடிப்படைத் தேவை. ஆனால் ஏற்கெனவே முறிந்த ஒருவருக்கு அடுத்த முறிவைத் தடுக்க அவை மட்டும் போதாது. வைட்டமின் டி அதிகமாகப் போட்டால் நல்லது என்றும் இல்லை. 70 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வருடத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு 2010இல் வந்தது. விழுவதும் அதிகமானது, முறிவும் அதிகமானது.

தாடை பற்றி இங்கே ஒரு பல் டாக்டர் எட்டிப் பார்ப்பார், அவரே சொல்லட்டும்.


பல்லுக்குப் பல்:

கூப்பிட்டீர்கள், வந்துவிட்டேன்.

தாடை எலும்பு சிதைவு உண்மையான பிரச்சினைதான், கட்டுக்கதை இல்லை. அளவு தெரியாமல் பேசுவதுதான் தவறு. எலும்பில் பரவிய புற்றுநோய்க்கு இதே வகை மருந்தை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். சோலெட்ரோனிக் அமிலம் என்றால் அங்கே 4 மில்லிகிராம், திரும்பத் திரும்ப. ஆஸ்டியோபோரோசிஸுக்கு அதுவே 5 மில்லிகிராம், வருடத்துக்கு ஒருமுறை. நான் பார்த்த தாடைச் சிதைவுகளில் பெரும்பாலானவை முதல் வகை. ஆஸ்டியோபோரோசிஸ் அளவில் எடுப்பவர்களுக்கு வருடத்துக்குப் பத்தாயிரத்தில் ஒருவருக்கும் லட்சத்தில் ஒருவருக்கும் இடைப்பட்டது என்றுதான் கணக்கிட்டிருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். மருந்து தொடங்கும் முன் பல்லைக் காட்டுங்கள். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் பிடுங்கி, ஆறவிட்டு, அப்புறம் தொடங்குங்கள். தொடங்கிய பிறகு பல் டாக்டரிடம் போனால் இந்த மருந்து எடுப்பதைச் சொல்லுங்கள். சுத்தம் செய்வதற்கும் சொத்தை அடைப்பதற்கும் எந்தத் தடையும் இல்லை. சிலர் இதற்குப் பயந்து பல் டாக்டர் பக்கமே வருவதில்லை, அதுதான் கெடுதல்.


பேரேடு:

அனைவருக்கும் நன்றி. நிமிர்ந்து உட்கார் அக்கா, உங்கள் பதிலை அச்செடுத்துக் கோடு போட்டுப் படித்தேன். பழைய புத்தி.

உயரம் அளந்தேன். வேலையில் சேர்ந்தபோது கொடுத்த மருத்துவச் சான்றிதழில் 157. இப்போது 152. தங்கை மகள் திருப்பித் திருப்பி அளந்து பார்த்தாள், எண் அசையவில்லை.

வேறொரு டாக்டரிடம் போனேன், ஹார்மோன் பிரிவு. இவர் முதலில் கேட்டதே "எப்படி விழுந்தீங்க" என்றுதான். பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். முதுகும் இடுப்பும் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, டி12 என்கிற முள்ளெலும்பு முன்பக்கமாக ஆப்பு மாதிரி நசுங்கியிருக்கிறது. போன வருடம் அலமாரி மேலிருந்து ஒரு பெட்டியை இறக்கும்போது சுரீர் என்று பிடித்துக்கொண்டு சில வாரம் படுத்தியது. சுளுக்கு என்று வலி மாத்திரையில் ஓட்டினேன். அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்.

ஆஸ்டியோபோரோசிஸ்தான், இனி எண் எப்படி இருந்தாலும் கவலையில்லை என்று சொல்லிவிட்டார். ஒரு முள்ளெலும்பு நசுங்கினால் அடுத்த ஒரு வருடத்துக்குள் இன்னொன்று நசுங்குவது ஐந்தில் ஒருவருக்கு நடக்கிறதாம். மூன்று வழி சொன்னார்: வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரை, வருடம் ஒருமுறை சோலெட்ரோனிக் அமில டிரிப், ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி. யோசித்துச் சொல்லுங்கள் என்றார். எலும்பை வளர்க்கும் ஊசிகளும் இருக்கின்றன, இன்னொன்று நசுங்கினால் அதைப் பற்றிப் பேசுவோம் என்றார்.

ஆறு மாத ஊசிதான் எனக்குச் சுலபமாகத் தெரிகிறது. தோலுக்கடியில் சின்ன ஊசி, ஐந்து நிமிட வேலை. எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?


இரண்டாவது மகள்:

என் அம்மா எடுத்தார். சொல்லத்தான் இங்கே வந்தேன்.

நல்ல மருந்து, அதில் சந்தேகமே இல்லை. மூன்று வருடத்தில் அம்மாவின் எண்கள் நன்றாக ஏறின. அப்புறம் எங்கள் வீட்டில் ஒரு மரணம், அண்ணன் வீட்டுக்கு அம்மா போய் இருந்தார், ஊசி நாள் தள்ளிப்போயிற்று. எண்தான் நன்றாக இருக்கிறதே, கொஞ்சம் தள்ளினால் என்ன என்று எல்லோருமே நினைத்தோம். ஊசி போட வேண்டிய நாளிலிருந்து ஆறேழு மாதம் போயிருக்கும். ஒரு காலையில் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. எக்ஸ்ரேயில் மூன்று முள்ளெலும்புகள் ஒரே சமயத்தில் நசுங்கியிருந்தன.

பிறகுதான் விளக்கினார்கள். இந்த ஊசி எலும்பைக் கரைக்கும் செல்களை முழுசாகப் பூட்டி வைக்கிறது. ஆறு மாதத்தில் பூட்டு திறந்துவிடும். அடுத்த ஊசி இல்லையென்றால் அந்தச் செல்கள் முன்பைவிட வேகமாகக் கிளம்புகின்றன, வருடக்கணக்கில் சேர்த்தது மாதக்கணக்கில் போய்விடும். மாத்திரையும் டிரிப்பும் அப்படியில்லை, அவை எலும்பிலேயே படிந்து நிறுத்திய பிறகும் சில காலம் வேலை செய்கின்றன. ஆகவே டெனோசுமாபை நிறுத்துவதென்றால் சும்மா நிறுத்தக் கூடாது, உடனே வேறொரு மருந்துக்கு மாற வேண்டும். முதல் ஊசி போட்ட அன்றே இதை யாராவது எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

ஊசி வேண்டாம் என்று சொல்லவில்லை. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு மற்ற இரண்டையும் கொடுக்க முடியாதபோது இதுதான் வழி, அதுவும் ரத்தக் கால்சியத்தைக் கண்காணித்தபடி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போட முடியுமா, போன் பண்ணி நினைவூட்ட ஆள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.


மழைக்கு ஒதுங்கியவன்:

சரி, முறிவு இருக்கிறது என்றால் மருந்து வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக நடைப்பயிற்சி வீண் என்று சொல்லிவிடுவீர்கள் போலிருக்கிறதே.


நிமிர்ந்து உட்கார்:

வீண் இல்லை தம்பி. இதயத்துக்கு, சர்க்கரைக்கு, மனசுக்கு எல்லாவற்றுக்கும் நல்லது. ஆனால் தினமும் நடந்து பழகிய கால் எலும்புக்கு நடை புதிதாக எதையும் சொல்வதில்லை. எலும்பு, பழக்கத்துக்கு மீறிய சுமை வந்தால்தான் விழித்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் 58 வயதுக்கு மேற்பட்ட, எலும்பு மெலிந்த பெண்களை வைத்து லிஃப்ட்மோர் என்று ஒரு ஆய்வு நடந்தது, 2018இல் பத்திரிகையில் வந்தது. வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்சியாளர் பக்கத்திலேயே நிற்க, கனமான எடை தூக்க வைத்தார்கள், குதித்து இறங்க வைத்தார்கள். எட்டு மாதத்தில் முதுகெலும்பு அடர்த்தி சுமார் 3% கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த குழுவுக்கு ஒரு சதவீதம் போலக் குறைந்தது. கிழவிகள் கனம் தூக்கக் கூடாது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்த எங்கள் தொழிலுக்கு அது நல்ல உதை.

பேரேடு, இதைப் படித்துவிட்டு நாளைக்கே எடை தூக்கக் கிளம்பாதீர்கள். நசுங்கிய முள்ளெலும்பு இருக்கிற உங்களுக்கு முதலில் முதுகுத் தசை, அப்புறம் சமநிலை, எடை எல்லாம் ஆள் பக்கத்தில் இருந்தபடி மெதுவாகத்தான். முன்னால் வளைந்து கால் விரலைத் தொடுவது, படுத்திருந்து வயிற்றைச் சுருக்கி எழுவது, வளைந்த நிலையில் திரும்புவது, இந்த மூன்றையும் இன்றோடு விடுங்கள். 1984இல் ஒரு சின்ன ஆய்வு, 59 பெண்கள்தான். முன்வளையும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89% பேருக்குப் புதிய நசுங்கல், பின்னால் நிமிரும் பயிற்சி செய்தவர்களில் 16%. பழைய ஆய்வுதான், ஆனாலும் வார்டில் நான் பார்த்தது அதோடு ஒத்துப்போனது. கீழே கிடப்பதை எடுக்க இடுப்பை மடக்கிக் குனியாமல் ஒரு காலை முன்வைத்து முட்டியை மடக்கி இறங்குங்கள். இருமல், தும்மல் வந்தால் ஒரு கையால் மேசையைப் பிடித்து நிமிர்ந்து இருமுங்கள். சிரிக்காதீர்கள், தும்மி முறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தினமும் செய்ய: சுவர் ஓரம் நின்று ஒற்றைக் காலில் நிற்பது, சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது. இடுப்பு முறிவுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் விழுவதால்தான் வருகிறது. முதலில் அந்தக் கால்மிதியைத் தூக்கி எறியுங்கள், இன்னும் அங்கேயே கிடக்கும் என்று எனக்குத் தெரியும். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு. குளியலறையில் கைப்பிடி. கண்புரை இருக்கிறதா என்று பாருங்கள். தூக்க மாத்திரையோ ரத்த அழுத்த மாத்திரையோ போட்டு, எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மருந்து விஷயத்தில் முடிவு உங்களதும் டாக்டரதும். ஒன்று மட்டும் சொல்கிறேன். வாராந்திர மாத்திரையை வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். ஏற்கெனவே நெஞ்செரிச்சல் உள்ள உங்களுக்கு அது சரிப்படுமா என்று கேளுங்கள். டிரிப் அந்தத் தொல்லையைத் தாண்டிவிடுகிறது. 2007இல் வெளியான பெரிய ஆய்வில் மூன்று வருடத்தில் முள்ளெலும்பு நசுங்கலை 70% குறைத்தது, இடுப்பு முறிவை 41%. நான் எடுத்ததும் அதுதான்.


பேரேடு:

கால்மிதி போயாயிற்று. (எப்படித் தெரிந்தது?)

டாக்டரிடம் பேசினேன், டிரிப் என்று முடிவு. பல்லும் காட்டிவிட்டேன், ஒரு பழைய வேர் மட்டும் எடுக்க வேண்டியிருந்தது, எடுத்தாயிற்று. ஆனால் ரத்தத்தில் வைட்டமின் டி 14தான் இருக்கிறது. அதை ஏற்றிய பிறகுதான் டிரிப் என்று தள்ளிவைத்திருக்கிறார். தள்ளிப்போவது எனக்குப் பிடிக்கவில்லை, அதற்குள் இன்னொன்று நசுங்கினால்? அப்புறம் டிரிப் போட்ட பிறகு காய்ச்சல் வரும் என்கிறார்களே?


நிமிர்ந்து உட்கார்:

அவர் செய்வது சரி. டிரிப் எலும்பு கரைவதைச் சட்டென்று நிறுத்தும். எலும்பிலிருந்து ரத்தத்துக்கு வருகிற கால்சியமும் குறையும். வைட்டமின் டி இல்லாதவருக்கு அந்த நேரத்தில் ரத்தக் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கி விரல் மரத்துப்போகலாம், தசை இழுக்கலாம். சில வாரம் காத்திருப்பது அதைவிட மேல். அதுவரை பெட்டி எதையும் இறக்காதீர்கள்.

சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் கிரியேட்டினின் கிளியரன்ஸ் கணக்கைப் பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், 35க்குக் கீழே இருந்தால் இந்த மருந்து கிடையாது. அன்றைக்கு நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். மருந்து இறங்கக் குறைந்தது 15 நிமிடம் ஆக வேண்டும், வேகமாக விட்டால் மெதுவாக்கச் சொல்லுங்கள். முதல் தடவை மூன்றில் ஒருவர் அளவுக்குக் காய்ச்சல், உடல்வலி வரும், மூன்று நாளுக்குள் அடங்கும். பாராசிட்டமால் போதும். அடுத்த வருடம் அவ்வளவு இருக்காது. எனக்கு முதல் தடவை குளிர்ஜுரம் மாதிரி ஆட்டியது, இரண்டாவது தடவை ஒன்றுமே தெரியவில்லை.

மூன்றாவது டிரிப்புக்குப் பிறகு தொடரலாமா, கொஞ்சம் இடைவெளி விடலாமா என்று கேளுங்கள். நடுவில் தொடையிலோ தொடை இடுக்கிலோ காரணமில்லாமல் மந்தமாக வலித்தால் அப்போதே சொல்லிவிடுங்கள். இந்த மருந்தை நீண்ட காலம் எடுப்பவர்களில் மிகச் சிலருக்குத் தொடை எலும்பு நடுவில் விரிசல் விடுவது உண்டு, முறிவதற்கு முன் வலிதான் காட்டிக்கொடுக்கும். ஸ்கேன் திரும்ப எடுக்கும்போது அதே மெஷினில் எடுங்கள். வேறு மெஷினில் எடுத்தால் ஏறியதா இறங்கியதா என்று ஒப்பிடவே முடியாது, உங்களுக்கு மறுபடி எரிச்சல்தான் வரும்.